அப்பாயியின் லைஃப் சர்டிபிகேட்

வீட்டில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் யாராவது இருந்தால், ஊர்ப் பயணத்தை அக்டோபரிலோ நவம்பரிலோ வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே, மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில், தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பணம் வருவது நின்றுவிடும். என் அப்பாயிக்கு 84 வயது. இந்த முறை நானே கூட இருந்து முடித்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் சிங்கப்பூரிலிருந்து அக்டோபரில் கிளம்பினேன். திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் (2024 ஜூனில் இயங்கத் தொடங்கியது) விசாலமாக இருக்கிறது. குடிநுழைவு வரிசை மளமளவென்று நகர்ந்தது.

தாத்தாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள், கடைசி என் அப்பா, அப்போது கைக்குழந்தை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. குடும்ப ஓய்வூதியம் வாடகைக்கும் அரிசிக்குமே சரியாகப் போனது. திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டுவது அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். அப்பாயி பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டார். குச்சி நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கல்லோ கடுகளவு, அதனால் விரல் நுனியும் தட்டில் உரசிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. பிள்ளைகள் தூங்கிய பிறகும் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும் என்று பெரியப்பா சொல்வார். பெரியப்பாவுக்கு வயது வந்ததும் கருணை அடிப்படையில் ரயில்வே வேலை கிடைத்தது. அப்படியும் அப்பாயி தட்டை விடவில்லை. அத்தை கல்யாணம் முடிந்த பிறகுதான் நிறுத்தினார்.

அந்த உழைப்பு இப்போது வேறு இடத்தில் வந்து நிற்கிறது: அப்பாயியின் கைரேகை எந்த இயந்திரத்திலும் பதியாது. போன வருடம் வங்கிக் கிளையில் அரை நாள் நிற்க வைத்து, "ரேகை விழலை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். மறுநாளும் அதே கதை. கேட்டதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாயிக்கு முட்டிவலி, ஆட்டோவில் ஏறி இறங்குவதே பெரும்பாடு.

தபால்காரரே வீட்டுக்கு வந்து இந்த வேலையைச் செய்து தருவார் என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2020லிருந்து இந்தச் சேவையைத் தருகிறது, கட்டணம் 70 ரூபாய். தெருவில் தபால் கொடுக்க வந்தவரிடம் சொன்னோம். மறுநாள் மதியம் கருவியோடு வந்துவிட்டார். ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிப் புத்தகம், ஓடிபி வரும் செல்போன், இவ்வளவையும் எடுத்து வைத்திருந்தோம். விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார், ஒன்றும் பதியவில்லை. "பரவாயில்லம்மா, முகத்தைக் காட்டுனா போதும்" என்று போனை நீட்டினார். ஆதாரோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இது, 2021லிருந்து இருக்கிறது. திரையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அப்பாயியோ ஸ்டூடியோவில் போட்டோ எடுப்பதுபோல் விறைத்து உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "சிமிட்டுங்க அப்பாயி" என்றேன். "சிமிட்டுனா படம் கெட்டுப்போயிடும் சாமி" என்றார். தபால்காரரே எதிரில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டிக் காட்டினார். இவரும் சிமிட்டினார், பச்சை வட்டம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சான்றிதழ் எண் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தது. அந்தத் தபால்காரரின் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அப்பாயி அவரை மோர் குடிக்காமல் விடவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். குறை சொல்ல எதுவும் இல்லை. முட்டிவலி கொஞ்சம் விட்ட நாளில் அப்பாயி கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய்விடுகிறார், யார் தடுத்தாலும் கேட்பதில்லை.

காகிதங்களை எடுத்து வைக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. 80 வயது நிறைந்த குடும்ப ஓய்வூதியருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும், 85க்கு 30, 90க்கு 40 என்று அது ஏறும். அப்பாயிக்கு அது வரவே இல்லை. தாத்தாவின் பழைய ஆணையில் அப்பாயியின் பிறந்த தேதி எழுதப்படவில்லை, அதனால் வங்கிக் கணினிக்கு அவர் வயது தெரியாது. இத்தனை வருடத்தில் கிளையில் ஒருவராவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வாக்காளர் அட்டை, ஆதார் நகல்களோடு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்கினோம். முதலில் முத்திரை போடத் தயங்கினார்கள், அப்பாயி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம் போட்டுக் கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய ஆணையை எடுத்துப் பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய அரசின் சிபென்கிராம்ஸ் தளத்தில் புகார் பதியலாம், அதை வெளிநாட்டிலிருந்தே செய்ய முடியும். எங்களுக்கு நிலுவைத் தொகை இன்னும் வரவில்லை. ஆனால் அப்பாயி அதை இப்போதே பிரித்து வைத்துவிட்டார்: பெரியப்பா பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பாதி, அத்தைக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு புது மூக்குக்கண்ணாடி.