ஆண் ஹோகனா, பெண் ஹோகனா?

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பழங்குடியினரான நவாஹோ மக்கள் தங்களை ‘டினே’ என்றே சொல்லிக்கொள்வார்கள். மரமும் மண்ணுமாக அவர்கள் கட்டும் பாரம்பரிய வீடு ஹோகன். அதில் ஆண், பெண் என இரண்டு வகை. குடியிருப்பவரை வைத்து வந்த பெயர் அல்ல, வடிவத்தை வைத்து வந்தது.

ஆண் ஹோகன் பழையது. நுனி கவையாகப் பிரிந்த மூன்று மரங்களை உச்சியில் ஒன்றோடொன்று கோத்து நிறுத்துவார்கள். கிழக்கே வாசலுக்கு இரண்டு கழிகள். இடைவெளியில் கட்டைகளைச் சாய்த்து, மரப்பட்டை பரப்பி, மண் பூசிவிட்டால் தூரத்துக்கு அது ஒரு மண்மேடுதான். சுவரோரம் நிமிர்ந்தால் தலை இடிக்கும். சடங்குகளுக்கு இது பொருத்தம். பிள்ளைகுட்டிகளோடு குடியிருக்க எனக்குத் தோதாகப் படவில்லை.

பெண் ஹோகன் வட்டமாகவோ, ஆறு, எட்டுப் பக்கங்களோடோ இருக்கும். கட்டைகளைக் கிடையாக அடுக்கி, மேலே போகப்போக உள்ளே குறுக்கிக் கூரையைக் குவிப்பார்கள். தாராளமான இடம். 1864-இல் அமெரிக்க ராணுவம் நவாஹோ மக்களை நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்துக்கு நடத்தியே விரட்டியது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பி மறுபடி வீடு கட்டினார்கள். 1880-களில் ரயில் பாதை வந்ததும் ஸ்லீப்பர் கட்டைகள்கூட ஹோகன் சுவராயின.

இரண்டுக்கும் வாசல் கிழக்கே, நடுவில் நெருப்பு, உச்சியில் புகைத்துளை. உள்ளே நுழைந்தால் வலமாகத்தான் சுற்ற வேண்டும். ஒருவர் உள்ளேயே இறந்துவிட்டால், எந்த ஹோகனானாலும் அதைக் கைவிட்டு வேறு கட்டுவது பழைய வழக்கம்.