8×42 பைனாகுலர்: வாங்கி ரெண்டு மாதம் ஆகிறது

தைப்பூசம் முடிந்த வாரம் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் 380 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். குறையும் சொல்லப் போவதால் பிராண்ட் பெயர் வேண்டாம். கடைக்காரர் முதலில் 10×25 ஒன்றைத்தான் எடுத்துக் காட்டினார், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், இன்னும் பெரிதாகத் தெரியும் என்று. வீட்டுத் தோட்டத்தில் பறவை பார்க்க அது வேண்டவே வேண்டாம். குண்டுக்கரிச்சான் (முராய் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும்) விடிவதற்கு முன்பே பாட ஆரம்பித்துவிடும், பினாங்கில் மார்ச்சில் ஏழே காலுக்கு மேல்தான் சூரியன் வருகிறது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், 25-ஐ 10-ஆல் வகுத்தால் இரண்டரைதான். அந்த இருட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எங்கள் ஆஸ்ட்ரோ டிஷ் மேல் உட்கார்ந்து பாடும்போது அதன் தொண்டை புடைத்து அடங்குவதைக்கூடப் பார்த்தேன்.

அப்புறம் குயில். பிறந்ததிலிருந்து கேட்கிறேன், ஆண் குயிலுக்குக் கண் அவ்வளவு சிவப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. சத்தம் வரும் கிளையைக் கண்ணால் பிடித்து, பார்வையை நகர்த்தாமல் பைனாகுலரை மேலே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வெறும் மாவிலையைத்தான் பார்ப்பீர்கள். செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தாலும் ஃபோகஸ் ஆகிறது, அந்த நீலத் தொண்டையும் மஞ்சள் வயிறும் அத்தனை தெளிவு. வேலியில் ஒரு பழுப்புக் கீச்சான் இருக்கிறது, வடக்கே வசந்தம் வந்ததும் கிளம்பிவிடும், அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறை என்றால் லென்ஸ் மூடி. ரெண்டாவது நாளே ஒன்று சாக்கடையில் விழுந்துவிட்டது, கடையில் கேட்டால் தனியாகக் கிடைக்காதாம். கழுத்துப்பட்டையும் மட்டம், அரை மணி நேரத்தில் பிடரி வலிக்கிறது. ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் கண்ணாடி முழுக்கப் பனி, அதற்குப் பைனாகுலரைக் குறை சொல்ல முடியாது.

தாமானில் (வீடுகள் நெருங்கிய குடியிருப்பில்) இதைத் தூக்கினால் இன்னொரு பிரச்சினை. "என்ன தம்பி, எங்க வீட்டையா பாக்குற?" என்று எதிர்வீட்டு ஆண்ட்டி கேட்டார். குயிலைக் காட்டியதும் பத்து நிமிடம் திருப்பித் தரவில்லை.

வாங்கினால் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.