முழு வாத்துக்கு முதற்புகை: அடுப்புப் பரணா, தேயிலைப் புகையா, இரும்பு டிரமா?

விறகடுப்புக்கு மேலே பரண் கட்டி, உப்புத் தடவிய இறைச்சிக் கீற்றுகளைப் புகையில் உலர்த்துவது இலங்கையின் மலையகத்து வீடுகளுக்குப் புதிதன்று. எனினும் அந்தப் பழக்கத்தை நம்பி, நான்கைந்து கிலோ எடையுள்ள கூஸ் எனப்படும் பெரிய வாத்தை முழுதாக அதே பரணில் தொங்கவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கீற்றுகளில் உப்பு விரைவாக ஊறி ஈரம் வெளியேறிவிடும். முழு வாத்தின் தொடை தடித்தது, வயிற்றுக்குழி ஈரமானது, தோலுக்கடியிலோ கனத்த கொழுப்புப் படலம் இருக்கிறது. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பரணின் இளஞ்சூடு அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பின் அளவை நன்கறிந்தவர்களுக்கே அது உரிய வேலை.

தேயிலைப் புகை நம் ஊருக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் தாரா எனப்படும் சிறிய வாத்தைத் தேயிலையும் கற்பூர மர இலையும் எழுப்பும் புகையில் வாட்டி, ஆவியில் அவித்து, இறுதியில் எண்ணெயில் பொரிப்பார்கள். அவிக்கும்போதே கொழுப்பு பெருமளவு வடிந்துவிடுவது இம்முறையின் பெருஞ்சிறப்பு. ஆனால் முழு வாத்து வீட்டுத் தாச்சிக்குள் அடங்காது. மேலும், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், புத்தகங்கள் சொல்லும் நேரத்தைவிடக் கூடுதலாக அவிக்க வேண்டும். தாராவுக்கோ, துண்டாக்கிய வாத்துக்கோ இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

முழு வாத்துக்கு மூடியுள்ள இரும்பு டிரம்மே சிறந்தது. இரசாயனம் இருந்த டிரம்மும் துத்தநாகம் பூசிய தகரமும் மட்டும் ஆகாது. தணலை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தில் கம்பி வலைமேல் வாத்தை வைத்து, அதற்கு நேர் கீழே தண்ணீர் ஊற்றிய தட்டை வைக்க வேண்டும். இந்தத் தட்டுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கொழுப்பு தணலில் சொட்டினால் தீ மூண்டு, கரி படிந்து, தோல் முழுவதும் கசந்துவிடும். சதையைத் தொடாமல் தோலை மட்டும் ஊசியால் சாய்வாக ஆங்காங்கே குத்திவைத்தால் கொழுப்பு இலகுவாக வடியும். காற்றுத் துளைகளைத் திறந்தும் அடைத்தும் வெப்பத்தை 110 முதல் 120 பாகைக்குள் வைத்திருந்தால், வாத்தின் பருமனையும் வெளிக்குளிரையும் பொறுத்து நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். நேரத்தை நம்பாமல், எலும்பில் படாதபடி தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானியைச் செருகி, 74 பாகையை எட்டியதை உறுதிசெய்ய வேண்டும். கடைசியில் தணலைக் கூட்டினால் தோல் மொறுமொறுப்பாகும்.

விறகில் கொய்யாவே என் முதல் தெரிவு. வெலிமடைப் பக்கத்தில் பேரி மரக் கிளை கிடைத்தால் அதுவும் நல்லது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைச் செடியின் மிலாறு, அதாவது காய்ந்த குச்சிகள், தணலுக்கு உதவும், ஆனால் மருந்தடித்த செடியினுடையது வேண்டாம். பைனும் யூக்கலிப்டஸும் எவ்வளவு எளிதாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது. அவற்றின் பிசினும் தைலமும் இறைச்சியைக் கெடுத்துவிடும்.

உப்புநீரில் ஊறவைப்பதா, உலர் உப்பைத் தடவுவதா என்றால், ஈரக்காற்றுள்ள நம் மலைகளில் உலர் உப்பையே தேர்வேன். கிலோவுக்கு 15 கிராம் உப்புடன் மிளகும், புளிப்புக்குச் சேர்க்கும் கொறுக்காயும் அரைத்துத் தடவி, ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் வைத்தால் தோல் காய்ந்து, புகை சீராகப் பிடிக்கும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தவர்கள் கூரைக்குக் கீழே, நான்கு பக்கமும் காற்றோடும் இடத்தில் டிரம்மை வைப்பது அவசியம். தட்டில் சேரும் கொழுப்பை ஆறவைத்தால் அது தண்ணீருக்கு மேலே உறைந்து நிற்கும்; அதை வழித்தெடுத்துக் காய்ச்சி வடிகட்டினால், நுவரெலியா உருளைக்கிழங்கைப் பொரிக்க அதைவிடச் சிறந்த கொழுப்பு இல்லை.