ஒரே இயக்குநர், இரண்டு வீடுகள்: ‘கோ அஹெட்’டா, ‘மீட் யுவர்செல்ஃப்’பா?

வாள்சண்டையும் அரண்மனைச் சதியும் இல்லாத சீனத் தொடர் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே வாயில் வருவது இரண்டு பெயர்கள். 2020இல் வந்த ‘கோ அஹெட்’, 2023 ஜனவரியில் வந்த ‘மீட் யுவர்செல்ஃப்’. இரண்டும் ஹூனான் டிவியில் ஓடியவை. இரண்டையும் இயக்கியவர் டிங் ஸிகுவாங் என்பது எனக்கு இரண்டாவதைப் பாதி பார்த்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு, முதல் தொடரில் வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்து இரண்டாவதில் பதில் சொல்லியிருக்கிறார் என்றே தோன்றியது. (கதையின் திருப்பங்கள் சில கீழே வருகின்றன. பார்க்காதவர்கள் கவனம்.)

‘கோ அஹெட்’டின் கதை ஒரு நூடுல்ஸ் கடைக்காரரைச் சுற்றியது. மனைவியை இழந்த லி ஹாய்ச்சாவ், மகள் ஜியான்ஜியானோடு தனியாக இருக்கிறார். மாடி வீட்டுக்கு ஒரு போலீஸ்காரரின் குடும்பம் குடிவருகிறது. அந்த வீட்டுச் சின்னப் பெண் ஏற்கெனவே இறந்துபோயிருக்கிறாள். அம்மா குழந்தைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போன நேரத்தில், வால்நட் தொண்டையில் சிக்கிவிட்டது. அந்தப் பழியை மகன் லிங் ஷியாவ் தலையில் போட்டுவிட்டு அம்மா ஒருநாள் கிளம்பிப் போகிறார். மூன்றாவது பிள்ளை ஸிச்சியூ, ஹாய்ச்சாவுக்குப் பேசி முடிக்கப் பார்த்த பெண்ணின் மகன். அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகும் பையனை இவர் தன் பிள்ளையாகவே வளர்க்கிறார்.

இதெல்லாம் படிக்கும்போது அழுவாச்சி சீரியல் போலத்தான் இருக்கும். பார்க்கும்போது அப்படி இல்லை, காரணம் அந்தச் சாப்பாட்டு மேஜை. கீழ்வீட்டு அப்பா சமைக்கிறார், மேல்வீட்டு அப்பா டியூட்டி முடிந்து வந்து பேசாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறார், மூன்று பிள்ளைகளின் சாப்ஸ்டிக்குகளும் ஒரே துண்டுக் கறிக்குச் சண்டை போடுகின்றன. இரண்டு அப்பாக்களும் பல வருஷம் குடித்தனம் நடத்திய கணவன் மனைவி மாதிரியே பேசிக்கொள்வார்கள். ‘நாம் ஒரு குடும்பம்’ என்று யாரும் வசனம் பேச வேண்டியதில்லை, யார் தட்டில் யார் உரிமையோடு கைவைக்கிறார்கள் என்பதே போதும். அதிலும் ஸிச்சியூ. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்திலேயே நல்ல பிள்ளையாக இருக்கும் குழந்தை அவன். அவனைப் பார்த்தபோது நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போக வேண்டியதாயிற்று. தந்தையாக வரும் தூ சோங்யானுக்குத்தான் இந்தத் தொடரில் முதல் மரியாதை. ஜியான்ஜியானாக வரும் டான் சோங்யுனுக்கு அடுத்த இடம். முப்பது வயதில் பள்ளிச் சீருடை போட்டும் அவர் உறுத்தவில்லை.

அப்புறம் பிரச்சினை. அண்ணன்கள் இருவரும் வெளிநாடு போய், ஒன்பது வருஷம் கழித்துத் திரும்புகிறார்கள். அந்த இடைவெளியோடு தொடரின் பாதி உயிரும் போய்விடுகிறது. விட்டுப்போன அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். லிங் ஷியாவின் அம்மா குற்ற உணர்ச்சியை வைத்தே மகனைக் கட்டிப்போடும் விதம் முதலில் மனதைப் பிசைகிறது, ஐந்தாறு முறை அதையே செய்தபின் ஃபார்வர்ட் பட்டனைத் தேட வைக்கிறது. தோழிகளின் கிளைக்கதைகளும் நிறைய. எல்லாவற்றுக்கும் மேல் காதல். ரத்த உறவு இல்லைதான், சட்டப்படியும் தப்பில்லைதான். ஆனாலும் பல எபிசோடுகளாக ‘அண்ணா’ என்று கூப்பிட்ட ஜியான்ஜியான் லிங் ஷியாவையே காதலிக்கும்போது எனக்கு ஒட்டவில்லை. சீன ரசிகர்களும் இதில் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். 2024இல் கொரியாவில் இதையே ‘ஃபேமிலி பை சாய்ஸ்’ என்று 16 எபிசோடில் எடுத்தார்கள். நீளம் குறைந்ததே தவிர, அந்த நெருடல் அங்கேயும் இருந்தது.

‘மீட் யுவர்செல்ஃப்’ நேர் எதிர். அதன் சீனப் பெயருக்குக் ‘காற்று வீசும் இடத்துக்குப் போதல்’ என்று பொருள். கதை நடப்பது யுனான் மாகாணத்தில் உள்ள தாலி என்ற ஊரில். காற்று, பூ, பனி, நிலா நான்குக்கும் பேர்போன ஊர் அது என்பதால் பெயர் பொருத்தம்தான். பெய்ஜிங் ஹோட்டலில் வேலை பார்க்கும் ஷூ ஹோங்தோவின் உயிர்த்தோழி கணையப் புற்றுநோயில் சீக்கிரமே போய்விடுகிறாள். ஹோங்தோ வேலையை விட்டுவிட்டு, தாலியில் ஒரு கிராமத்து வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகிறாள். அவ்வளவுதான் கதை. கூடத் தங்கியிருப்பவர்கள் ஓர் இணைய நாவலாசிரியை, ஒரு மதுக்கடைப் பாடகன், தொழிலில் தோற்றுத் தியானத்தில் உட்கார்ந்துவிட்ட ஒருவர். முற்றத்தில் வெயில் காய்வார்கள், டீ குடிப்பார்கள், ஒருவர் கதையை இன்னொருவர் கேட்பார்கள். வில்லன் கிடையாது, வந்து கதறும் அம்மா கிடையாது.

‘முலான்’ படத்தில் நடித்த லியு யீஃபே இதில் ஹோங்தோவாக வந்து பெரும்பாலும் சும்மா இருக்கிறார். கேட்க எளிதாக இருக்கும், நடிக்கக் கஷ்டம். துக்கத்தை அழுது தீர்க்காமல், நல்ல சாப்பாட்டை மெல்லும்போது கண்ணில் மட்டும் அது வந்து போகிறதே, அது போதும். கதாநாயகனாக நடிக்கும் லி ஷியனோடு வரும் காதலும் அவசரமில்லாமல் பழுக்கிறது. முதல் தொடரில் நெருடிய விஷயம் இதில் இதமாக இருக்கிறது.

குறை? கிராமம் ரொம்பச் சுத்தம். சாணி நாற்றம், கடன், தண்ணீர்த் தகராறு எதுவும் கண்ணில் படாது. கதாநாயகன் பட்டணத்து வேலையை விட்டுவந்து மர வேலைப்பாட்டையும் பூத்தையலையும் வியாபாரமாக்குகிறான். அந்தக் காட்சிகளில் சீன அரசின் கிராம மறுமலர்ச்சித் திட்ட வாடை பலமாகவே அடிக்கிறது. யாராவது வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிஷம் பிரசங்கம்தான். இருபதாவது எபிசோடில் நான் இரண்டு முறை தூங்கிவிட்டேன், எழுந்து பார்த்தபோது எதையும் தவறவிடவில்லை. நிம்மதி தேடிப் போகும் இந்தக் கதையைப் பார்த்துவிட்டுத் தாலிக்குக் கிளம்பிய கூட்டத்தில் அந்த ஊர் நிம்மதியை இழந்தது தனிக் கூத்து.

எது மேல் என்றால், காட்சிக்குக் காட்சி ‘கோ அஹெட்’தான். அதன் பால்ய காலப் பகுதிக்கு ஈடாக இரண்டாவதில் ஒரு எபிசோடுகூட இல்லை. முழுத் தொடராகக் கேட்டால் ‘மீட் யுவர்செல்ஃப்’. எங்கேயும் உச்சிக்குப் போகாது, எங்கேயும் தடுக்கி விழாது. வீட்டில் பெரியவர்களோடு பார்ப்பதாக இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள். தனியாக, அழுதாலும் பரவாயில்லை என்றிருக்கும் வாரக் கடைசியில் முதலாவது. ஆனால் அண்ணன்கள் விமானம் ஏறியதும் நிறுத்திவிடலாம், நான் இரண்டாவது தடவை அப்படித்தான் பார்த்தேன்.