உதகைக் குளிருக்கு எந்தக் கெட்டில்?

உதகமண்டலத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். சற்றுக் கீழே இருக்கும் குன்னூரில் 94 டிகிரி வரை போகும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால், மின்சாரக் கெட்டில் வாங்கும்போதும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு கெட்டில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 1.5 லிட்டர் எவர்சில்வர் கெட்டில். மற்றொன்று, டிகிரியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான்களும் எண் காட்டும் திரையும் கொண்ட, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள டிஜிட்டல் கெட்டில். இரண்டும் 1,500 வாட்.

விலை குறைந்த கெட்டிலின் மூடியைத் திறந்து, கைப்பிடி இருக்கும் பக்கத்தின் உட்சுவரைப் பார்த்தால், மேல் விளிம்புக்கு அருகே சிறு துளைகள் தெரியும். தண்ணீர் கொதிக்கும்போது எழும் நீராவி இந்தத் துளை வழியாக நுழைந்து, ஒரு குழாயில் இறங்கி, ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஈருலோகத் தகட்டைத் தொடுகிறது. ஒட்டவைக்கப்பட்ட இரண்டு உலோகங்களும் ஒரே அளவில் விரிவடையாததால், சூடு பட்டதும் தகடு 'டக்' என்று மறுபக்கம் வளைந்து ஸ்விட்ச்சைத் தள்ளிவிடுகிறது. 1955இல் இங்கிலாந்தில் பில் ரஸ்ஸலும் பீட்டர் ஹாப்ஸும் நடத்திய ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கே1 கெட்டில்தான் இப்படி நீராவியைக் கொண்டு தானாக நின்ற முன்னோடி. ஈருலோகத் தகடோ இன்னும் பழையது. 18ஆம் நூற்றாண்டில், வெப்பநிலை மாறினாலும் கடிகாரம் பிசகாமல் ஓடவேண்டும் என்பதற்காக ஜான் ஹாரிசன் உருவாக்கியது. இந்த அமைப்பின் சிறப்பு என்னவென்றால், தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. ஆவி வேகமாக வருகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. ஆகவே சென்னையிலும் சரி, தொட்டபெட்டா உச்சியிலும் சரி, தண்ணீர் கொதித்தால் நிற்கும். மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் மட்டும் ஆவி மேலே போய்விடுவதால், கெட்டில் நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும். எனவே, அழுத்தினால் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும் மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

டிஜிட்டல் கெட்டிலில் அடித்தட்டில் பொருத்திய உணரி வெப்பநிலையை அளந்து சொல்ல, உள்ளே இருக்கும் சில்லு அந்த எண்ணைப் பார்த்து மின்சாரத்தை நிறுத்துகிறது. வாங்கிய புதிதில் 100 என்று வைத்து இயக்கியபோது, திரையில் எண் விறுவிறுவென்று ஏறி 93ஐத் தொட்டதும் அங்கேயே நின்றுவிட்டது. தண்ணீர் கொதித்துப் புரண்டது, சமையலறை ஜன்னல் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்தது, ஆனால் கெட்டில் நிற்கவில்லை. எட்டவே முடியாத எண்ணுக்காக அது காத்துக்கொண்டிருந்தது. கையால்தான் நிறுத்த வேண்டியிருந்தது. கையேட்டில் உயரமான இடங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எண் சிறிது நேரம் ஏறாமல் நின்றால் கொதிநிலை வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளும்படி சில்லுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலையே அல்ல. அல்லது பழைய ஆவித் துளையையும் ஈருலோகத் தகட்டையும் கூடவே வைத்திருக்கலாம். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்க்கப்பட்ட ஒரு சிக்கலைப் புதிய வடிவமைப்பு மறுபடியும் கொண்டுவந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இருந்தாலும் அதைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை. கிரீன் டீக்கு 80 டிகிரி போதும். நன்றாகக் கொதித்த நீரை ஊற்றினால் கசப்பு ஏறிவிடும். நீலகிரியிலேயே விளையும் நல்ல பச்சைத் தேயிலையை வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பாழாக்குவானேன்? 80இல் வைத்தால் இந்தக் கெட்டில் அச்சாக 80இல் நிற்கிறது. அதைவிடப் பெரிய வசதி, அதன் இரட்டைச் சுவர். உள்ளே எவர்சில்வர், வெளியே பிளாஸ்டிக், இடையே காற்று. உறைபனி விழும் ஜனவரிக் காலையில், ஒற்றைச் சுவர் கெட்டிலில் கொதித்த நீர் குளித்துவிட்டு வருவதற்குள் வெதுவெதுப்பாகிவிடுகிறது. இதில் சூடு நெடுநேரம் தங்குகிறது. வெளிச்சுவரைத் தொட்டாலும் கை சுடுவதில்லை என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டுக்கு இது மிகவும் ஏற்றது. இதே இரட்டைச் சுவர், சாதாரண ஸ்விட்ச் உள்ள கெட்டில்களிலும் இப்போது வருகிறது. என்னைக் கேட்டால் மலைக்கு அதுதான் சரியான சேர்க்கை.

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. குழாயில் 12 டிகிரியில் வரும் ஒரு லிட்டர் தண்ணீரை 93க்கு ஏற்ற 81 டிகிரி கூட்ட வேண்டும். 28 டிகிரியில் தண்ணீர் வரும் சென்னையில் 100க்கு ஏற்ற 72 டிகிரி போதும். ஆகவே இங்கே நான்கு நிமிடம் பிடிக்கிறது, செலவு ஏறக்குறைய 0.1 யூனிட். மழைக்காலத்தில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200க்கு இறங்கினால் 1,500 வாட் கெட்டில் 1,130 வாட் அளவுக்கே வேலை செய்யும், ஐந்து நிமிடம் ஆகிவிடும். அது கெட்டிலின் குறை அன்று. ஆனால் 1,500 வாட் என்பது ஆறரை ஆம்ப் இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது. பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் இருக்கும் சிறிய 5 ஆம்ப் பாயின்ட்டிலோ, மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ இதைச் செருகினால், பிளக் சூடாகி உருகக்கூடும். பவர் பாயின்ட் இல்லாவிட்டால் முதலில் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

அடித்தட்டுக்குக் கீழே சூடாக்கும் கம்பிச் சுருள் (காயில்) மறைந்திருப்பதால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சூடாக்க முடிகிறது. இந்தச் சுருள் தண்ணீருக்குள்ளேயே கிடந்த பழைய கெட்டில்களில், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். மலை நீரில் உப்பு குறைவு என்பதால் வெள்ளைப் படிவும் அதிகம் சேர்வதில்லை. இரண்டு கெட்டில்களிலும் பால் காய்ச்சக் கூடாது. அடித்தட்டில் ஆடை கருகி ஒட்டிக்கொள்ளும், பொங்கினால் ஆவித் துளைக்குள் போய் ஸ்விட்ச்சைக் கெடுத்துவிடும்.

குடிநீருக்காகக் கெட்டிலை நம்புவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சுத்திகரிக்காத நீரை 1 நிமிடமும், ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் 3 நிமிடமும் கொதிக்கவைக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. தானாக நிற்கும் கெட்டில் கொதித்த சில நொடிகளிலேயே ஓய்ந்துவிடுகிறது. உதகையில் ஓடை நீரையோ கிணற்று நீரையோ குடிப்பவர்கள் அதைப் பாத்திரத்தில் காய்ச்சிக்கொள்வதே பாதுகாப்பு.

கடையில் கெட்டிலைக் கையில் எடுத்ததும் மூடியைத் திறந்து, கைப்பிடிப் பக்கத்தில் ஆவித் துளை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துளை இல்லாத டிஜிட்டல் வகை என்றால், தண்ணீர் ஊற்றி, 100இல் வைத்து, அங்கேயே ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தானாக நின்றால் வாங்கலாம்.