இருபது டாலர் உறையும் நூறு டாலர் உறையும்: மறைத்து ஏந்தும் கைத்துப்பாக்கிக்கு எது தேறும்?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கு ஐந்நூறு அறுநூறு டாலரை யோசிக்காமல் எடுத்து வைப்பவர்கள், ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, என்று வரும்போது இருபது டாலர் நைலான் பையோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். நாள் முழுக்க உடம்போடு உரசிக் கிடக்கப் போவது அந்த உறைதான். இங்கே சொல்வதெல்லாம் கிளாக் 19-ஐ வைத்துச் சொல்வது: 15 தோட்டா, 4 அங்குலக் குழல், நிரப்பினால் ஏறக்குறைய 850 கிராம். சிக் பி365 போன்ற சின்னவற்றுக்கும் கணக்கு பெரிதாக மாறாது, ஓர் இடத்தைத் தவிர. அதைப் பின்னால் பார்ப்போம்.

கடைக்குப் போகும் முன் சட்டம். அனுமதிச் சீட்டு இல்லாமலே மறைத்து ஏந்தலாம் என்ற மாநிலங்கள் பாதியைத் தாண்டிவிட்டன. டெக்சாஸ் 2021 செப்டம்பர் 1 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் வைத்திருக்கிறாரே என்று நம் ஊர்க்காரர்கள் பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

உறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதியில் நடந்தது போதும். அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரஸ் கிளாக்கை உறையில்லாமல் இடுப்பில் செருகியிருந்தார். அது கால்சட்டைக்குள் நழுவ, பிடிக்கப் போன கை விசையில் (டிரிகர்) பட்டது. குண்டு தன் தொடையிலேயே பாய்ந்தது, இரண்டாண்டுச் சிறைத் தண்டனையும் வந்தது. ஆக உறையின் முதல் வேலை டிரிகரை முழுதாக மூடுவது, அதுவும் வளையாத பொருளால். அடுத்தது, துப்பாக்கியை நழுவாமல் பிடிப்பது. துப்பாக்கியை உருவிய பிறகும் அதன் வாய் சுருங்காமல் திறந்தே இருக்க வேண்டும். இருபது டாலர் "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" நைலான் பை இந்த மூன்றிலும் தோற்கிறது. அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

இன்றைய சந்தையில் முன்னால் நிற்பது கைடெக்ஸ். சூடாக்கினால் இளகி, துப்பாக்கியின் அச்சிலேயே படிந்து, ஆறியதும் இறுகிவிடும் பிளாஸ்டிக் தகடு. அறுபதிலிருந்து நூற்றிருபது டாலருக்குள் நல்லது கிடைக்கும். பலர் இதைத் தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம் கால்சட்டைக்கு உள்ளே அணிகிறார்கள். அப்பெண்டிக்ஸ் கேரி என்பது இதுதான். டெனிகோர் வேலோ போன்றவை இந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டவை.

புதியவர்கள் குழல் நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். குழல் கால்சட்டைக்குள் போய்விடும், யார் கண்ணிலும் படாது. சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொடுப்பது பிடியின் அடிப்பகுதி. அதை அடக்கத்தான் உறையில் இரண்டு சின்ன உறுப்புகள். டிரிகர் பகுதிக்கு முன்னால் சிறகுபோல நீட்டிக்கொண்டிருப்பது கிளா. பெல்ட் அதை அழுத்தும்போது நெம்புகோலாக வேலை செய்து பிடியை வயிற்றை நோக்கித் திருப்பும். பெல்ட் அதன் மேல் படியாவிட்டால் கிளா வெறும் அலங்காரம். மற்றது வெட்ஜ்: உறையின் அடியில், உடம்பைப் பார்த்த பக்கம் ஒட்டும் நுரைத் திண்டு. அடிப்பகுதியை வெளியே தள்ளுவதால் மேல்பகுதி உள்ளே சாயும், குழல்முனையும் தொடையை விட்டுச் சற்று விலகும்.

சின்னத் துப்பாக்கிக்குக் கணக்கு மாறும் இடம் இதுதான். பி365-இன் குழல் 3.1 அங்குலம். பெல்ட்டுக்குக் கீழே தாங்க எதுவும் இல்லாததால் பிடி வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். துப்பாக்கியைவிட ஓர் அங்குலம் நீண்ட உறை வாங்கினால் அது அடங்கும். கிளாக் 19-க்குக்கூட நீள உறையைத் தேடி வாங்குபவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

பெல்ட்டில் மிச்சம் பிடித்தால் நூறு டாலர் உறையும் வீண். ஒன்றரை அங்குல அகலம், கால் அங்குலம்போல நுணுக்கமாக இறுக்கித் தளர்த்த வசதி, இந்த இரண்டும் வேண்டும். பக்கிளை நடுவில் வைத்தால் துப்பாக்கியின் மேல் மேடு தட்டும்; இடப்பக்கம் தள்ளிவிடலாம். கால்சட்டையின் இடுப்பு ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். உறையைப் பெல்ட்டில் மாட்டும் கிளிப்பையும் பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் கிளிப் சில மாதத்தில் வாய் விரிந்து, உருவும்போது துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து கைக்கு வந்துவிடும். பெல்ட்டின் கீழ் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் உலோகக் கிளிப் இந்த வம்பைத் தீர்க்கும்.

இனி அப்பெண்டிக்ஸின் குறை. குழல்முனைக்கு நேரே தொடைப் பெருந்தமனி. விபத்து பெரும்பாலும் எடுக்கும்போது நடப்பதில்லை, திரும்ப வைக்கும்போது நடக்கிறது. சட்டை நுனியோ, மேல்கோட்டின் இழுகயிற்று மணியோ டிரிகர் வளைவுக்குள் சிக்கினால் போதும். விரல் ஸ்லைடோடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) நேராக, மறு கையால் சட்டையை மார்புவரை தூக்கி, இடுப்பை முன்தள்ளி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக. தடை தட்டினால் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். காலையில் கிளம்பும்போது துப்பாக்கியை உறையில் வைத்து, பிறகு உறையோடு சேர்த்து இடுப்பில் செருகுவது இன்னும் நல்லது. அவசரப்பட்டு உள்ளே வைக்க வேண்டிய தேவை யாருக்கும் வராது.

தோல் உறைக்கு இன்னும் ரசிகர்கள் உண்டு. வலது இடுப்பின் பின்புறம், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் அணிந்தால் உட்கார சுகம். ஆனால் குனிந்தால் பிடி சட்டையில் துருத்தும். கார் சீட்டில் கை போகாது. வாயில் தடித்த பட்டை வைத்துத் தைத்ததை மட்டும் வாங்கவும். வருடக்கணக்கில் வியர்வை குடித்துத் தளர்ந்த தோல் மடிந்து டிரிகர் வளைவுக்குள் நுழைந்து, துப்பாக்கியை உள்ளே தள்ளும்போதே வெடித்த சம்பவங்கள் உண்டு. விளிம்பு மடியத் தொடங்கிய தோல் உறை குப்பைக்கு. தோல் முதுகில் கைடெக்ஸ் ஓடு பொருத்திய கலப்பு வகையும் (க்ராஸ்பிரீட் சூப்பர்டக் போல) இதே வழியில்தான் கிழடாகும்.

ஜேப்பில் வைக்க ரூகர் எல்சிபி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற சின்னவை சரி. டிசான்டிஸ் நெமிசிஸ் போல வெளிப்பரப்பு துணியில் பற்றும் உறை வேண்டும். இல்லையென்றால் உறையும் கூடவே வரும். அந்த ஜேப்பில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. கணுக்கால் உறை இரண்டாவது துப்பாக்கிக்கு மட்டும். தோள்பட்டை வகை பார்க்க மிடுக்குதான், ஆனால் கிடைமட்டமாகத் தொங்கும் குழல் பின்னால் நிற்பவரைப் பார்த்தபடி இருக்கும். பல சுடுதளங்களில் அனுமதியில்லை. சுட்டுவிரலால் பொத்தானை அழுத்தி விடுவிக்கும் பிளாக்ஹாக் செர்பாவைப் பல பயிற்சிப் பள்ளிகள் தடைசெய்திருக்கின்றன: அழுத்திய விரல் அதே வேகத்தில் நேரே விசைக்குப் போகிறது.

கைப்பை வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பரில் இடாஹோ மாநிலத்தின் ஹெய்டனில், வால்மார்ட் கடைக்குள், தாயின் பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டதில் தாய் இறந்தார். துப்பாக்கிக்கென்றே ஜிப் அறை வைத்துத் தைத்த பை அது. பெல்ட் போட முடியாத உடை அணிபவருக்கு ஃபில்ஸ்டர் எனிக்மா இருக்கிறது: தனக்கென்று பட்டை வைத்து, உடைக்கு அடியில் உடம்போடு கட்டும் சட்டகம். பொருத்திச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். சரியாக அமைந்துவிட்டால் பாவாடைக்குள்ளும் உடற்பயிற்சிக் கால்சட்டைக்குள்ளும் அசையாது.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டிய சோதனை. மேகசினை (தோட்டாக் கூடு) கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டு உறையில் செருகி, டிரிகர் பகுதியை வெளியிலிருந்து எல்லாப் பக்கமும் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். 'டிக்' என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். அடுத்து மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள், விழக்கூடாது. விழுந்தால் பிடிப்புத் திருகைக் கால் சுற்று இறுக்கவும். உருவும்போது கால்சட்டையே மேலே வந்தால் கால் சுற்று தளர்த்தவும். கடைசியாக, இடுப்பில் இருக்கும்போதே நடுவிரல் டிரிகர் வளைவின் அடியை முட்டும்படி முழுப்பிடி கிடைக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் விரலை மறித்தால் உறையை ஒரு துளை உயர்த்த வேண்டும். விளக்கு பொருத்திய துப்பாக்கி என்றால் அந்த விளக்குக்கென்றே அச்செடுத்த உறைதான் சேரும். அதிலும் டிரிகர் பக்கம் இடைவெளி கூடுதலாக இருக்கும், விரல் நுழைகிறதா என்று தனியே பார்க்கவும்.

திருகுகள் தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீலம் ஒரு சொட்டு போதும். சிவப்பைப் போட்டால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. மாதம் ஒருமுறை திருகையும், கைடெக்ஸ் வளையும் மூலைகளில் மயிர்க்கோடுபோல விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்க்கவும். டெக்சாஸ், அரிசோனா வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் கழற்றி வைத்த உறை உருமாறிவிடும். அப்படி மாறியதை வீட்டு ஹீட் கன்னால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். டிரிகர் பக்கம் உட்குழிந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது.