காமெட்டா, 1210-ஆ? ஏழாம் எண் நெடுஞ்சாலையின் இரண்டு லாரிகள்

1970களின் கடைசியில் சங்ககிரியில் லாரி வாங்க நினைத்தவர் முன்னால் இரண்டே பெயர்கள்தான் நின்றன. ஒன்று எண்ணூரில் செய்த அசோக் லேலண்ட் காமெட். மற்றது ஜாம்ஷெட்பூரில் செய்த டாட்டா 1210. பெட்போர்டும் ஃபார்கோவும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் வடநாட்டு லைனுக்குப் பணம் போடுகிறவர்கள் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. மாமாவின் காமெட்டில் கிளீனராக ஏறிய நான், பிறகு வேறொரு ஓனரிடம் 1210 ஓட்டினேன். இரண்டிலும் என் முதுகு தேய்ந்திருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். 1210 என்றால் 12 டன் மொத்த எடை, 100 குதிரைசக்தியை ஒட்டிய இன்ஜின். டாட்டாவின் லாரிக் கம்பெனியான டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் 1969-ல் முடிந்து, முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் 'T' எழுத்து வந்தது. ஆனாலும் எங்கள் ஊரில் வெகுகாலம் அதற்குப் 'பென்ஸ் வண்டி' என்றுதான் பெயர். அதன் 692 இன்ஜினில் 6 சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 92 மில்லிமீட்டர். கொள்ளளவு 4.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. லேலண்டின் இன்ஜினுக்குப் பெயரான 370 என்ற எண்ணோ கன அங்குலக் கணக்கு. ஆறு லிட்டருக்கும் மேல் வரும். ஒன்று ஜெர்மன்காரனின் அளவு, மற்றது வெள்ளைக்காரனின் அளவு. எங்களுக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. காமெட்டின் டூல்ஸ் பெட்டியில் அங்குல ஸ்பானர்கள், 1210-இன் பெட்டியில் மில்லிமீட்டர் ஸ்பானர்கள். ராத்திரியில் சாலையோரம் நிற்கும் லேலண்டுக்கு, உதவ இறங்கி வருகிற டாட்டாக்காரரின் ஸ்பானர் பொருந்தாது. நல்ல மனம் இருக்கும், நட்டு கழலாது.

இன்ஜின் கொள்ளளவில் இருந்த அந்த வித்தியாசத்தை மேட்டில்தான் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். வண்டியில் நூறு மூட்டை ஜவ்வரிசி; மூட்டைக்கு 90 கிலோ என்றால் 9 டன். கியர்ப் பற்களைத் தானே இணக்கிவிடும் சின்க்ரோமெஷ் பரவாத காலம் அது. கீழ் கியருக்கு வர, கிளச்சை மிதித்து நியூட்ரலில் விட்டு, காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரை ஓர் உறுமல் உறுமவிட்டு, மறுபடியும் மிதித்துக் கியரைத் தள்ள வேண்டும். சத்தம் கேட்டுச் சரியான கணத்தில் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். தவறினால் பல்லோடு பல் உரசும் கர்ரென்ற ஓசையில் மாமாவின் முகம் சுருங்கும்.

காமெட் அந்தத் தவறை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சுழற்சி குறைந்து, இனி நின்றுவிடும் என்று தோன்றும் நிலையிலும் அடிவயிற்றிலிருந்து இழுக்கும். 1210 அப்படி இல்லை. அதன் இன்ஜின் வேகமாகச் சுழன்றால்தான் பலம் கொடுக்கும். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துத் தயாராக வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தாலும் வண்டி திணறி நிற்கும். அதனால்தான் ஏற்றத்தில் கிளீனர் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவான். வண்டி நின்றதும் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைத் திணிக்க வேண்டும். நானும் நடந்திருக்கிறேன். டீசல் புகை முகத்தில் அடிக்க, ஓர் அடி தூரத்தில் இரட்டைச் சக்கரம் அங்குலம் அங்குலமாக உருளும். கையில் புளியங்கட்டை. கண் அந்தச் சக்கரத்தை விட்டு விலகாது.

இறக்கத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது முதல் பாடம். பெரிய இன்ஜின் வண்டியை நன்றாகப் பிடித்து நிறுத்தும். பிரேக் சூடாவது குறையும். ஆனால் டீசல் மிச்சம் பிடித்துக் காட்டச் சொல்லும் ஓனர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக நியூட்ரலில் இறக்கியவர்களைத் தொப்பூர் பள்ளம் நிறையவே பார்த்திருக்கிறது. அங்கே நடந்த விபத்துகளுக்கு டிரைவரின் தூக்கத்தை மட்டும் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

கணவாய் தாண்டி, கிருஷ்ணகிரி, பெங்களூர் கடந்து கர்னூல் பக்கம் சமவெளி விரிந்ததும் தராசு மறுபக்கம் சாயும். 1210 அங்கே இலகுவாக ஓடும்; வேகமும் கூடுதல், டீசலும் சிக்கனம். காமெட் அதே நிதானத்தில், கனத்த குரலில் போய்க்கொண்டிருக்கும். அன்றைய ஏழாம் எண் நெடுஞ்சாலை வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2369 கிலோமீட்டர். ஆனால் பல இடங்களில் தார் ஒரு வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் இடது சக்கரங்களை மண்ணில் இறக்கி வழிவிட வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கரிசல் விளிம்பில் இறங்கி ஏற, பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்தப் பெரிய சக்கரத்தை எழுந்து நின்று வளைத்தவர்கள் உண்டு. இதில் இரண்டு வண்டியும் ஒன்றுதான்.

ஹைதராபாத் தாண்டிவிட்டால் இழுவையை விடப் பட்டறைதான் முக்கியம். 1975-க்குப் பிறகு தேசிய பெர்மிட் வந்து, தென்மாநில வண்டிகள் வடக்கே தாராளமாகப் போகத் தொடங்கின. வடக்கு டாட்டாவின் கோட்டை. தாபாவுக்குத் தாபா அந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற மிஸ்திரி இருப்பார். பக்கத்துக் கடையில் உதிரிபாகம் தொங்கும். லேலண்டுக்கு அந்த வசதி தெற்கில்தான்.

ஒருமுறை நிர்மல் தாண்டி அடிலாபாத் போகும் வழியில் பின்பக்கப் பட்டையில், அதாவது பாரம் தாங்கும் ஸ்பிரிங் அடுக்கில், இரண்டு பிளேட்டு முறிந்தது. குற்றம் வண்டியுடையது அல்ல. தாங்கும் அளவுக்கு மேல் இரண்டு டன் ஏற்றச் சொன்ன ஓனருடையது. நான் அப்போது 1210-இல் இருந்தேன். மூன்று மணி நேரத்தில் பிளேட்டு கிடைத்தது, மாலைக்குள் கிளம்பிவிட்டோம். அன்று ராத்திரி சோறு பொங்கும்போது, இதே இடத்தில் மாமாவின் காமெட் நின்றிருந்தால் எத்தனை நாள் லாரிக்கு அடியில் படுத்திருப்போம் என்று கணக்குப் போட்டேன். எங்களுக்குத் தரும் படிக்காசு நாள் கணக்கில் இல்லை, டிரிப் கணக்கில். நிற்கிற ஒவ்வொரு நாளும் டிரைவரின் கையிலிருந்துதான் போகும்.

ஆகவே என் தீர்ப்பில் தயக்கம் இல்லை. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், வாளையார் வழியாகக் கேரளம் போகிற சிமெண்ட் லோடுக்கும் காமெட். ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் போய் ஆரஞ்சோடு திரும்புவதற்கு 1210. சமவெளி ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும்போது முப்பது கிலோமீட்டர் மேட்டுக்காக வண்டி வாங்கக் கூடாது. மாமா இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "மேட்டில் நிற்கிற வண்டி எனக்கு வேண்டாம், மாப்பிள்ளை" என்பார்.

ஆனால் எங்கள் இருவர் வாதத்திலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. கம்பெனி விற்றது பெரும்பாலும் முகப்போடு கூடிய சேஸிஸை, அதாவது இன்ஜினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை, மட்டும்தான். நாங்கள் இருபது நாள் உட்கார்ந்து, தூங்கி, சாப்பிட்ட கேபினைக் கட்டியது நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளின் ஆசாரிகள். மரச்சட்டம், தகரம், பெயிண்ட், சாமி படம். அவர்கள் கைவேலை அழகானது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிரைவரின் இடுப்பு உயரத்தையோ, காலருகே கொதிக்கிற இன்ஜினையோ எந்தத் தொழிற்சாலையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 1210-இல் இன்ஜின் பாதி கேபினுக்குள் இருக்கும். எங்கள் காமெட்டில் முழுதாகவே பக்கத்தில். மேலே மூடியிருக்கும் பெட்டியில் கோணியை நனைத்துப் போடுவோம். சித்திரை வெயிலில் கர்னூல் சாலையில் அது பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

1.10.2025 முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டிருக்கிறது. செய்தியைப் படித்த அன்று என் இடது முழங்காலுக்குக் கீழே இருக்கும் தழும்பைத் தடவிப் பார்த்தேன். இன்ஜின் பெட்டியின் விளிம்பு பட்டு வெந்தது. அது காமெட்டில் பட்டதா, 1210-இல் பட்டதா என்பது எனக்கே நினைவில்லை.